வீடில்லாப் பிள்ளை எந்த மஹல்லா?

ஜகாத், ஸதகா என்று பேச்சு வந்தாலே "முதலில் சொந்த மஹல்லா" என்கிறோம். சரிதான். அருகிலுள்ள ஏழையை விட்டுத் தூரத்திலிருப்பவரைத் தேடிப் போவதை மார்க்கச் சட்ட நூல்களும் விரும்பவில்லை. ஆனால் மஹல்லாவை நாம் எதைக் கொண்டு கணக்கிடுகிறோம்? ஜமாஅத்துப் புத்தகத்தில் வீட்டுக்கு ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு சந்தா. அப்படியானால் கடைத்தெரு நடைபாதையில் தார்ப்பாயின் கீழ் உறங்கும் பிள்ளை எந்தப் பக்கத்தில் வரும்? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் நம் நாட்டில் வீடற்றவர்கள் 17 லட்சத்திற்கும் மேல்.

அண்டை வீட்டாரின் உரிமை பற்றி மணிக்கணக்கில் பயான் கேட்கிறோம். அண்டையில் வீடில்லாமல் ஆள் மட்டும் இருந்தால் அந்த உரிமை விழுந்துவிடுமா?

விழாது என்பதற்கு மதீனா சாட்சி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலில் ஸுஃப்பா என்னும் திண்ணை இருந்தது. வீடோ உறவோ இல்லாத தோழர்கள் அங்கே தங்கினார்கள். வசதியுள்ள ஸஹாபாக்கள் ஓரிருவராக அவர்களைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவளித்தார்கள். சோற்றோடு காரியம் முடிந்துவிடவில்லை. உபாதா இப்னு ஸாமித் (ரலி) அவர்கள் அத்திண்ணைவாசிகளுக்குக் குர்ஆனையும் எழுத்தையும் கற்றுக் கொடுத்தார்கள். பசியால் சுருண்டு விழுந்த அபூஹுரைரா (ரலி) அவர்களும் அத்திண்ணையைச் சேர்ந்தவர்களே. அவர்கள் வழியாக 5,374 ஹதீதுகள் வந்திருப்பதாக அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். "இவர் எந்த மஹல்லா?" என்று அன்று யாரேனும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால்?

நாமோ நடைபாதைப் பிள்ளைக்கு ரமலானில் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு நகர்கிறோம். அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சட்டம் தடையாக இல்லை. 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டப்படி, 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளையை வயதுச் சான்று இல்லையென்று திருப்பியனுப்பக் கூடாது. இதை அந்தத் தாய்க்குச் சொல்லவும், தலைமையாசிரியர் முன் அவளோடு போய் நிற்கவும்தான் ஆளில்லை. சேர்த்த பிறகும் தொல்லை ஓயாது. மழையில் புத்தகம் நனையும். சீருடை துவைக்கத் தண்ணீர் இராது. இரவில் எழுப்பி விரட்டினால் குடும்பமே வேறு தெருவுக்குப் போகும். படிப்பு அத்தோடு நிற்கும்.

ஜகாத்தில் இதற்கு இடமுண்டா? ஜகாத் பணத்தில் கட்டிடம் எழுப்ப ஹனஃபீ சட்டம் இடந்தரவில்லை. தகுதியுள்ள ஏழைக்கு அது உடைமையாகச் சேர வேண்டும். ஏழை முஸ்லிம் பிள்ளைக்கான பையையும் செருப்பையும் அதன் தகப்பனார் கையில் ஒப்படைத்தால் அந்த நிபந்தனை நிறைவேறுகிறது. பக்கத்துப் பாயில் படுத்திருக்கும் மாற்றுச் சமயப் பிள்ளைக்கு ஜகாத் ஆகாது. ஸதகாவுக்கு அந்த வேலி இல்லை. ஒன்றுக்குக் கொடுத்து மற்றதைப் பார்க்க வைக்க நமக்கு மனம் வருமா?

"பள்ளிவாசல் அசுத்தமாகிவிடும்" என்பார் சிலர். ஹவுளில் தண்ணீர் எதற்கு இருக்கிறதாம்? அஸருக்கும் இஷாவுக்கும் இடையே வெளித்தாழ்வாரத்தில் விளக்கு எரிகிறது. விசிறி சும்மா சுற்றுகிறது. புத்தகப் பைகளை வைக்க ஓர் அலமாரிக்கும், பிள்ளைகளோடு உட்கார ஓர் ஆளுக்கும் முத்தவல்லிமார் அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கட்டும். பள்ளிக்கூடம் திறப்பதற்குமுன் அந்த ஆள் கடைத்தெருப் பக்கம் ஒருமுறை போய் வரட்டும்.