மறைத்தவரும் பழித்தவரும்

புளியமரத்திலே பேய் உறைகிறது என்கிறார் ஒருவர். எங்கே, காட்டுக என்கிறோம். "இல்லை என்பதை முதலில் நீர் மெய்ப்பியும்" என்று மடக்குகிறார். அந்த மடக்குக்கு நாம் மயங்குவதில்லை. உண்டு என்பவனே உறுதி காட்ட வேண்டும் என்று மேடைதோறும் முழங்கி வருகிறோம். நன்று! ஆனால் பேயை விரட்டிவிட்டு, நமக்குப் பிடிக்காத அரசியல்வாதி ஒருவரை அந்த மரத்தடியில் நிறுத்தினால், அப்போதும் அதே அளவுகோலைக் கையில் எடுப்போமா? அமெரிக்க நாட்டில் 2012ஆம் ஆண்டு நடைபெற்ற அதிபர் தேர்தலை இவ்வினாவுக்கு உரைகல்லாகக் கொள்வோம்.

குடியரசுக் கட்சியின் வேட்பாளர் மிட் ராம்னி, முதலீட்டுத் தொழிலில் பொருள் குவித்த பெருஞ்செல்வர். அதிபர் பதவியை நாடுவோர் தம் வருமான வரிக் கணக்கைப் பொதுமக்கள் முன் வைப்பது, சட்டம் வற்புறுத்தாவிடினும், அந்நாட்டில் நிலைபெற்ற வழக்கம். அவ்வழக்கத்துக்கு வித்திட்டவருள் ஒருவர் அவருடைய தந்தையே! மிச்சிகன் மாநில ஆளுநராயிருந்த ஜார்ஜ் ராம்னி, 1967இல் 12 ஆண்டுக் கணக்குகளை வெளியிட்டார். ஓராண்டுக் கணக்கு தற்செயலாக அமையலாம், காட்சிக்காகவே எழுதப்பட்டும் இருக்கலாம் என்பது அவர் கூறிய காரணம். தந்தை காட்டியது 12 ஆண்டு. மைந்தர் காட்ட இசைந்ததோ 2010, 2011 எனும் இரண்டே ஆண்டு.

ஏன் மறைக்கிறார் என்று மக்கள் கேட்டனர். கேட்க வேண்டிய கேள்வி. மக்கள் தரும் வரிப்பணத்தை ஆள வருபவர், தாம் தந்த வரியைச் சொல்லக் கூசினால் ஐயம் எழாதா? எழும், எழ வேண்டும். ஆனால் ஐயம் வேறு, குற்றச்சாட்டு வேறு. செனட் அவையில் ஜனநாயகக் கட்சியின் தலைவராயிருந்த ஹாரி ரீட் அந்த எல்லையைத் தாண்டினார். ராம்னி பத்தாண்டுகளாக வரியே கட்டவில்லை என்றார். உமக்குச் சொன்னவர் யார்? பெயர் கூற மாட்டேன். சான்று? கட்டினேன் என்று ராம்னியே மெய்ப்பிக்கட்டும்! புளியமரத்துப் பேய் கடல் கடந்து வாஷிங்டன் மாநகரிலே குடியேறிவிட்டது.

செப்டம்பர் திங்களில் 2011ஆம் ஆண்டுக் கணக்கு வெளிவந்தது. வருமானம் 1 கோடியே 37 இலட்சம் டாலர், வரி 19 இலட்சத்துக்கு மேல், நூற்றுக்கு 14.1. அத்துடன் கணக்காய்வு நிறுவனம் ஒன்றின் கடிதம்: 1990 முதல் 2009 வரை ஆண்டுதோறும் வரி கட்டியிருக்கிறார், மிகக் குறைந்த ஆண்டிலும் விகிதம் 13.66 என்று. கடிதந்தானே, கணக்குத்தாள் அன்றே என்பீர். மெய். ஆனால் ரீட் கையில் அந்த அளவுக்கேனும் ஒரு துண்டுத்தாள் இருந்ததா?

இன்னொன்றையும் காண்க. 13க்குக் குறைவாக ஒருபோதும் கட்டியதில்லை என்று ராம்னி முன்னமே கூறியிருந்தார். 2011இல் அவர் அளித்த நன்கொடை 40 இலட்சம் டாலர். அதற்குரிய கழிவு முழுவதையும் கோரினால் விகிதம் அச்சொல்லுக்குக் கீழே இறங்கிவிடும். எனவே 22 இலட்சத்துச் சொச்சத்துக்கு மட்டுமே கழிவு கோரினார். தந்தை எச்சரித்த காட்சிக் கணக்கை மைந்தரே எழுதினார்!

தகாதவரை வீழ்த்தச் சொன்ன பொய் தகுமா எனில், தகும் என்பார் நம்மிடையிலும் உண்டு. 2015இல் ரீட்டிடம் வருத்தமுண்டா என்று கேட்டபோது, ராம்னி வெல்லவில்லையே என்னும் பொருள்பட விடையிறுத்தார். வழியை எழுதாமல் விடையை மட்டும் எழுதிய மாணவனுக்கே மதிப்பெண் தரத் தயங்குகிறோம் ஆசிரியராகிய நாம். விடையும் பிழையாயின் என் செய்வது? இழப்பு அதனினும் பெரிது. அந்நாளில் அங்கே உயர்ந்த சம்பளத்தின் மேற்படிக்கு நூற்றுக்கு 35 வரை வரி. நீண்டநாள் முதலீட்டு ஆதாயத்துக்கோ பொதுவாக 15க்கு மேல் இல்லை. உழைத்து ஈட்டுவோனைவிட உடைமையால் ஈட்டுவோனுக்குச் சலுகை! இந்த அநீதி சட்டப் புத்தகத்திலேயே பட்டப்பகலில் படுத்திருந்தது. அதைக் காட்டி மக்களை எழுப்பியிருக்கலாம். சுழி என்று கூவியதால், 14 வெளிப்பட்டதும் அதுவே விடுதலைத் தீர்ப்பாயிற்று.

எதிர் முகாமின் கதை வேறு. சான்றின்றி நம்பியவர் அங்கே. சான்றைத் தள்ளியவர் இங்கே. கருத்துக் கணிப்புகள் ஒபாமா முந்துகிறார் என்றதும், ஜனநாயகக் கட்சியினரையே மிகுதியாகக் கேட்டிருக்கிறார்கள் என்று ராம்னியின் ஆதரவாளர் சிலர் சினந்தனர். கட்சிவாரியாக எண்களைத் தாமே திருத்திப் பெருக்கி, ராம்னி முந்துவதாக வரைந்துகொண்டனர். கேட்கப்பட்டோருள் முதியோர் மிகுந்தால் அவர்தம் விடைக்கு நிறை குறைப்பது முறையே. முதியோர் எத்தனை பேர் என்பது குடிக்கணக்கில் உண்டு. நான் இன்ன கட்சி என்பதோ வயது போன்றதன்று. அதுவும் ஒரு கருத்தே, காற்றுக்கு அசைவது. அளக்க வந்த பொருளையே அளவுகோலாக்கினால் அளவு என்னாகும்?

கணிப்புகள் பிழையற்றவை என்று நாம் சொல்லவில்லை. 1936இல் 'லிட்டரரி டைஜஸ்ட்' ஏடு 20 இலட்சத்துக்கு மேற்பட்ட விடைகளைத் திரட்டி ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது. அவரோ 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். தொலைபேசியும் மோட்டார் வண்டியும் வைத்திருந்தோர் பட்டியல்களையே பெரிதும் நாடியதும், விடை எழுத முன்வந்தோரை மட்டுமே எண்ணியதும் வந்த வினை. 2012லும் கணிப்புகள் பிசகின. ஆனால் எத்திசையில்? கடைசிக் கணிப்புகளின் சராசரி ஒபாமாவுக்குத் தந்த முந்துகை ஒரு புள்ளிக்கும் குறைவு. காலப் நிறுவனமோ ராம்னியே ஒரு புள்ளி முந்துவதாகச் சொன்னது. ஒபாமா ஏறக்குறைய நான்கு புள்ளியில் வென்றார். தேர்வாளர் வாக்கு 332க்கு 206. சினந்தோர் ஐயுற்றதற்கு நேர் எதிர்த்திசையில் இருந்தது பிழை!

அவர்களைக் கண்டு நகைத்தோர், 2016இல் கணிப்புகள் தமக்கு உவப்பாக இருந்தபோது ஆராயாமல் நம்பினர். மாநிலக் கணிப்புகள் பலவற்றில் கல்வி நிலைக்கேற்ப நிறை திருத்தப்படவில்லை என்பது விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மாநிலங்கள் கைவிட்டுப் போன பின்னரே பேசுபொருளாயிற்று. அவ்வாண்டு வென்ற டிரம்ப் ஒரு தாளையும் காட்டியவரல்லர். நாடாளுமன்றக் குழு ஒன்று நெடுநாள் வழக்காடி, ஆறு ஆண்டுக் கணக்குகளை 2022 டிசம்பரில் வெளியிட்டது. 2016க்கும் 2017க்கும் அவர் கட்டிய கூட்டாட்சி வருமான வரி ஆண்டுக்கு 750 டாலர். 2020க்கு, சுழி. இம்முறை அச்சொல்லை எவரும் ஊகித்துக் கூற வேண்டியிருக்கவில்லை, தாளிலேயே இருந்தது.