ஏகமனதாக

நான் இருக்கும் சிறிய தன்னார்வக் குழுவில் போன மாதம் எனக்கொரு வேலை கொடுத்தார்கள். பழைய மின்னஞ்சல்கள், வாட்ஸப் உரையாடல்கள், கூகுள் டாக்ஸில் கிடக்கும் வரைவுகள் எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்க வேண்டும். "எதுக்குப்பா இந்தக் குப்பையெல்லாம்? அதான் மினிட்ஸ் நோட்டு இருக்கே" என்றார் மூத்தவர் ஒருவர்.

நோட்டைப் புரட்டினேன். அநேகமாக எல்லாத் தீர்மானத்தின் கீழும் 'ஏகமனதாக நிறைவேறியது' என்றிருந்தது. ஆனால் முந்தைய வாரத்து மின்னஞ்சல்களில் நாங்கள் சண்டை போட்டிருக்கிறோம். ஒரு பெரிய நன்கொடையை வாங்கவே கூடாது என்று ஒரு தோழி மட்டும் கடைசிவரை சொன்னாள். அவள் பயந்தது 2 வருடத்தில் நடந்தது. நோட்டில் அவள் பெயர்கூட இல்லை.

1948 நவம்பர் 15 அன்று அரசியல் நிர்ணய சபையில் கே.டி. ஷா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அரசியலமைப்பின் முதல் பிரிவிலேயே 'மதச்சார்பற்ற', 'கூட்டாட்சி', 'சோஷலிச' என்ற சொற்கள் வேண்டும் என்றார். சமுதாயத்தை எப்படி அமைத்துக்கொள்வது என்பதைக் காலத்துக்கேற்ப மக்களே முடிவு செய்யட்டும் என்று அம்பேத்கர் மறுத்தார். திருத்தம் தோற்றது. 1976இல் 42ஆவது திருத்தம் 'சோஷலிச', 'மதச்சார்பற்ற' இரண்டையும் முகப்புரையில் சேர்த்தது. அந்தச் சொற்களைப் பற்றி இன்றைக்கு வாதம் வந்தாலும் அந்த நாளின் பேச்சைத்தான் எடுத்துப் படிக்கிறோம். தோற்ற பேச்சுதானே என்று அன்றைக்கே தூக்கிப்போட்டிருந்தால் நமக்குப் படிக்க என்ன இருந்திருக்கும்?

அப்போ எல்லாத்தையும் வச்சுக்கலாமா? அதுவும் அவ்வளவு சுலபமில்லை. 2001இல் திவாலான என்ரான் நிறுவனத்தின் மின்னஞ்சல்களை விசாரணைக்காக எடுத்த அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம், 2003இல் அவற்றைப் பொதுவில் வெளியிட்டது. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் தொகுப்பில் சுமார் 150 பேரின் ஏறத்தாழ 5 லட்சம் மடல்கள். மோசடியோடு சம்பந்தமே இல்லாத குடும்பப் பேச்சுகளும் அதில் உண்டு. சபையில் பேசியவர்களுக்குத் தங்கள் பேச்சு பதிவாகிறது என்று தெரியும். இவர்களுக்கு ஊரே படிக்கப்போகிறது என்று தெரியாது.

எனக்கும் தெரியாது. ஒருநாள் ராத்திரி பதினொன்றரைக்கு அந்தத் தோழியைப் பற்றி இன்னொருவருக்கு நான் எழுதிய மடல் அகப்பட்டது: "அவ எப்பவும் பேர் வாங்கத்தான் பேசுறா." அழித்துவிடலாம் என்று கை போனது. அவளுக்கு அவமானமாயிருக்கும் என்று காரணமும் தயார். உண்மையில் அவமானம் எனக்குத்தான்.

அவளுக்கே போன் செய்தேன். படிக்கச் சொன்னாள். படித்தேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"வை. நான் வேண்டாம்னு எழுதுன மெயிலையும் பக்கத்துலயே வை."

எதை அழிப்பது என்பதை அதனால் வெட்கப்படுகிறவன் முடிவு செய்யக் கூடாது, அதில் யாரைப் பற்றிப் பேச்சு வந்ததோ அவரைக் கேட்க வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. பிரிட்டனில் அரசு ஆவணங்களை 30 ஆண்டுகள் மூடி வைத்துப் பிறகு திறந்தார்கள். பின்னாளில் அதை 20 ஆக்கினார்கள். நாங்களும் 20 வருடம் மூடி வைப்பதென்று முடிவு செய்தோம்.

ஏகமனதாக இல்லை. 2 பேர் எதிர்த்தார்கள். இந்த முறை நோட்டில் அவர்கள் பெயரும் இருக்கிறது, சொன்ன காரணமும் இருக்கிறது.