விருந்தினரா, வேடிக்கை பார்ப்பவரா?

கண்டி - யாழ்ப்பாண நெடுஞ்சாலை எமது கனகராயன்குளத்தை ஊடறுத்துச் செல்கிறது. 2009 மே மாதத்தில் போர் ஓய்ந்தபின், இடம்பெயர்ந்திருந்த நாம் ஊர் திரும்பிக் கூரை வேய்ந்துகொண்டிருந்த நாட்களில், தென்னிலங்கைப் பேருந்துகள் இவ்வழியே வடக்கு நோக்கிச் சென்றன. போரில் வீழ்த்தப்பட்ட கிளிநொச்சி நீர்த்தாங்கி காட்சிப்பொருளாயிற்று. அதனருகே நின்று படம் பிடித்தோருள், அத்தாங்கியின் நீரைக் குடித்த மக்கள் எங்கே என்று வினவியோர் எத்தனை பேர்?

இவ்வினா எமக்கு மட்டும் உரியதன்று. ஜோர்தான் நாட்டுப் பாலைநிலத்தில், மலையைக் குடைந்து எழுப்பிய பெத்ரா என்னும் தொல்நகர் உண்டு. அதன் குகைகளில் ‘பிதூல்’ என்னும் பெதூயின் குலத்தார் தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்து வாழ்ந்தனர். 1985இல் பெத்ரா உலக மரபுரிமைச் சின்னமாயிற்று. அதே காலத்தில் அவர்கள் அருகிலுள்ள உம்மு சைஹூன் என்னும் புதுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டனர். இருபது ஆண்டுகள் கழிந்து, 2005இல், பெத்ராவிலும் வாதி ரம்மிலும் வாழும் பெதூயின்களின் பண்பாட்டை மானுடத்தின் அரிய மரபென யுனெஸ்கோ அறிவித்தது. குகையிலிருந்து மனிதனை இறக்கிவிட்டு, அவன் குகை வாழ்வைப் போற்றும் இம்முரண் சிந்தனைக்குரியதன்றோ?

புதுக் குடியிருப்பில் மின்சாரமும் குழாய்நீரும் கிடைத்தன. பயணிகளால் பிழைப்பும் கிடைத்தது. தொல்சின்னம் காக்கப்படவும் வேண்டும். இவற்றை நாம் மறுக்கவில்லை. வறுமையை அழகென்று போற்றி, பிறர் அதிலேயே கிடக்கவேண்டுமென விரும்புவதும் ஒருவகைக் கொடுமையே. ஆயினும், எது வளர்ச்சி, எது மரபு என்று தீர்மானிக்கும் உரிமை அங்கு வாழ்பவனுக்கா, வந்து பார்ப்பவனுக்கா? சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது.

வந்தவனுக்கு மூன்று நாட்கள் உணவும் காவலும் அளிப்பது பெதூயின்களின் பழைய வழக்கம். பாலையில் தனித்தவன் பிழைக்க வேறு வழியில்லை. இன்று கொடுப்பவன் நாளை கேட்பவனாவான். அந்த விருந்தோம்பலில் இருவரும் சமமானவர்கள். கட்டணம் செலுத்திக் கூடாரத்தில் ஓரிரவு தங்குபவன் வாடிக்கையாளன், விருந்தினன் அல்லன். விருந்தினனாக வேண்டுமாயின், அவ்வீட்டாரின் துயரையும் கேட்டறியும் கடமை அவனுக்கு உண்டு.

எம்மவரும் இன்று பாலைநிலங்களைக் காணச் செல்கின்றனர். செல்லட்டும், உலகைக் காண்பது நன்றே. ஆயின், பேருந்து யன்னல் வழியே பார்க்கப்பட்டவர்கள் நாம். அப்பார்வை எவ்வாறு சுடும் என்பதை அறிந்த நாம், ‘இது எத்தனை ஆண்டுப் பழமை?’ என்று கேட்குமுன், ‘இங்கிருந்தோர் எங்கே?’ என்று கேட்போமாக.