துன்புற்றவரின் சொல்லும் ஊரின் நலமும்

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருபவர் முதலில் சொல்லும் குறை, அது காய்ச்சலாயினும் மூச்சுத்திணறலாயினும் வயிற்றுப்போக்காயினும், அவருடைய சிகிச்சைக்காகவே பதியப்படுகிறது. அப்பதிவுகளைப் பெயர் நீக்கித் திரட்டி, ஒத்த அறிகுறிகளை ஒரே தொகுதியாகச் சேர்த்து, அன்றாட எண்ணிக்கையை வழக்கமான அளவோடு ஒப்பிட்டு, ஆய்வக முடிவுகள் வருமுன்பே நோய்ப் பரவலை உணர முயலும் முறை நோய்க்குறித் தொகுதிக் கண்காணிப்பு எனப்படும். தன் வலிக்கு மருந்து தேடி வந்தவரின் சொல்லை, அவரிடம் கேளாமலேயே பிறர் நலத்துக்குப் பயன்படுத்துவது அறமாகுமா என்பதே இம்முறை எழுப்பும் அடிப்படைக் கேள்வி.

நியூயார்க் நகரச் சுகாதாரத் துறை 2001 முதல் இம்முறையைக் கையாண்டு வருகிறது. 2003 ஆகஸ்டில் பெரும் மின்தடை ஏற்பட்டபின் நகரெங்கும் வயிற்றுப்போக்கு மிகுந்ததை இக்கண்காணிப்பு காட்டியது; தொடர்ந்து நடந்த ஆய்வு, குளிர்பதனம் நின்றபின் உண்ட இறைச்சியையும் கடலுணவையும் அந்நோயோடு தொடர்புபடுத்தியது. தனித்தனியே நோக்கினால் சிறு உபாதைகளாகத் தோன்றியிருக்கக் கூடியவை, ஒன்றுசேர்ந்தபோது ஊரின் நிலையை உணர்த்தின.

மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று 1785இல் இம்மானுவேல் காண்ட் வகுத்த நெறி இங்கே தடையாக எழுகிறது. ஆயினும் அந்நெறியின் அழுத்தம் ‘மட்டும்’ என்பதிலேயே உள்ளது. நோயாளிக்குரிய சிகிச்சை இதனால் குறைவதில்லை. பாதுகாக்கப்படும் ஊரில் அவரும் அவருடைய மக்களும் அடங்குவர். மேலும், மூச்சுக்குத் தவிப்பவரிடமோ நினைவிழந்தவரிடமோ கேட்டுப் பெறும் இசைவு பெயரளவிலான இசைவாகவே இருக்கும்.

எனினும், இசைவைக் கேளாத அரசு அதற்கு ஈடான கடமைகளை ஏற்றாக வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 2017இல் வெளியிட்ட 17 நெறிமுறைகள், பொதுக் கண்காணிப்புக்குத் துணைநிற்கும் பொறுப்பைத் தனிமனிதருக்கும், தகவலைக் காத்து நலமாகத் திருப்பித் தரும் பொறுப்பை அரசுகளுக்கும் உரைக்கின்றன. பணம் செலுத்த இயலாதவரையும் அவசரப் பிரிவு பரிசோதித்து, ஆபத்து நீங்கும் வரை கவனிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1986இல் சட்டம் இயற்றப்பட்டதால், காப்பீடற்ற ஏழைகள் பலருக்கு அதுவே திறந்திருக்கும் கதவாகும். ஆகவே கண்காணிப்பின் சுமையில் அவர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. பெயரை நீக்கிய பின்னும் அரிய நோய், வயது, வசிப்பிடம் ஆகியவை சேர்ந்து ஒருவரை அடையாளம் காட்டக்கூடும். அத்தகவல் காவல்துறைக்கோ குடியேற்ற அதிகாரிகளுக்கோ போகுமென்ற அச்சம் பரவினால், நோயுற்றவர் மருத்துவமனையையே தவிர்ப்பர். அப்போது சிகிச்சையும் கண்காணிப்பும் ஒருங்கே தோற்கும்.

ஆதலால், துன்புற்றவரின் சொல்லைப் பொதுநலத்துக்காகக் கேளாமல் எடுப்பது, அது நோய்த்தடுப்புக்கு அன்றி வேறெதற்கும் செல்லாதபோதும், அதன் பயன் முதலில் எளியோரைச் சென்றடையும்போதும் மட்டுமே அறமாகும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் அது பிறர் பொருளைக் கவர்வதற்கு ஒப்பாகும்.