கேளாத செடி

"சாமி, அதிகம் பாடுபடாமல் பூக்கிற ரோஜாச் செடி ஏதாவது உண்டா?" பொம்மையார்பாளையம் பகுதியில் புதிதாக வீடு கட்டிக் குடியேறுவோர் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. கேள்வியில் தவறேதும் இல்லை. காலையில் புதுச்சேரிக்கு வேலைக்குப் புறப்பட்டு இருட்டிய பின் வீடு திரும்புகிறவர்களால், இலைக்கொரு மருந்தும் கிளைக்கொரு கத்தரியுமாக ஒரு செடியைச் சீராட்ட இயலாது. ஆயினும் இக்கேள்விக்குள் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. நம்மிடம் எதையும் கேளாத ஒன்றுக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா?

முதலில் ரோஜாவைப் பார்ப்போம். இரண்டு மூன்று அடிக்குமேல் உயராமல், தரையை ஒட்டிப் படர்ந்து, கொத்துக் கொத்தாகப் பூக்கும் வகைகள் உண்டு. ஜப்பான் முதலிய கிழக்காசிய நாடுகளில், கடலோரங்களிலும் இயல்பாகப் படரும் விச்சுரானா என்னும் காட்டு ரோஜா இவற்றுள் பலவற்றுக்கு மூதாய். 1980களின் இறுதியில் ஜெர்மனியில் நோவாக் என்பவர் உருவாக்கிய ஒரு வகை, பூக்கம்பளம் என்று பொருள்படும் பெயரோடு உலகெங்கும் பரவியது. நம் நாட்டில், கொடைக்கானலில் வாழ்ந்து ரோஜா ஆய்வில் பல்லாண்டுகள் உழைத்த வீரராகவன், கிரிஜா தம்பதியர் மற்றொரு வழியை நாடினர். குளிர்நாட்டு ரோஜாக்களை நம் வெயிலில் வாட்டுவானேன் என்று, இந்திய மண்ணின் காட்டு ரோஜாக்களாகிய கிளைனோஃபில்லாவையும் மணிப்பூர் மலைகளின் ஜைகாண்டியாவையும் கலந்து, வெப்பம் தாங்கும் புதிய வகைகளைப் படைத்தனர். செடியை நம் வசதிக்கு வளைப்பதைவிட, மண்ணுக்கேற்ற செடியைத் தேடுவது பணிவான வழி என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் கடற்கரையிலோ இன்னுமொரு சிக்கல். ரோஜாவுக்கு உவர்ப்பு ஆகாது. மரக்காணத்துப் பாத்திகளில் வெண்பொன்னாய் விளையும் அதே உப்பு, ரோஜாவின் இலையோரங்களைக் கருக்கிவிடும். கிணற்று நீர் கரிக்கும் வீடுகளில் தரையில் நடாமல், செம்மண்ணும் மட்கிய சாணமும் கலந்து மேடான பாத்தி அமைக்க வேண்டும். மழைநீரைச் சேமித்து ஊற்ற வேண்டும். கடற்காற்று நேரே அறையாத, ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் பார்க்க வேண்டும். நடுவதற்கு முன்பே கோரைக் கிழங்குவரை தோண்டிக் களைய வேண்டும். செடி படர்ந்தபின் முள்ளுக்கிடையில் கைவிட்டுக் களை பறிப்பது ஒரு தவம்! வேரூன்றும் வரை முறையாக நீர் வேண்டும். ஆண்டுக்கொரு முறை குட்டையாக வெட்டிவிட வேண்டும். "பராமரிப்புக் குறைவு" என்பது "பராமரிப்பே வேண்டாம்" என்பதாகாது.

இத்தனையும் முடியாதோர்க்கு ஏழையின் ரோஜா ஒன்று உண்டு. பத்துமணிப் பூ, டேபிள் ரோஸ் என்றெல்லாம் நம் பெண்கள் அழைக்கும் அது, உண்மையில் ரோஜாக் குடும்பமே அன்று; தென் அமெரிக்காவிலிருந்து வந்த, நம் பருப்புக் கீரையின் உறவு. ஒரு துண்டைக் கிள்ளி மண்ணில் செருகினால் போதும். சதைப்பற்றான இலைகளில் தனக்கு வேண்டிய நீரைத் தானே சேமித்துக்கொள்ளும். வெயிலேற மலர்ந்து மாலைக்குள் கூம்பிவிடும். உடைந்த வாளியிலும் வஞ்சகமின்றிப் பூக்கும் இதைப் பலரும் மறந்தே போகிறோம். அது வாடுவதும் நம் கண்ணில் படுவதில்லை. வாழையும் கத்தரியும் இலையைத் தொங்கவிட்டு நம்மை அழைக்கின்றன. இதுவோ கடைசிவரை பசுமையாய் இருந்துவிட்டு, ஒருநாள் அடித்தண்டு அழுகிச் சரிகிறது.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்க வேண்டும். குறைவாகக் கேட்கும் செடியைத் தேர்ந்துகொள்வது விவேகம். ஆனால் அதே அளவுகோலை மனிதர்மீது வைத்தால்? "எங்கள் அம்மா ஒரு தொந்தரவும் தரமாட்டார்" என்று பெருமையாகச் சொல்லும் பிள்ளைகள் பலர். அம்மாவுக்குக் கண் மங்கி ஓராண்டாகியிருக்கும். அவர் சொன்னதில்லை, இவர்கள் கேட்டதில்லை. குடித்துவிட்டு வந்து சண்டையிடும் மகனுக்காக வீடே விழித்திருக்கும். வாய் திறவாமல் படிக்கும் மகளின் முகத்தை எவரும் உற்றுப் பார்ப்பதில்லை. நம் அன்பியங்களிலும் இந்நிலைதான். குரல் உயர்த்துபவர் வீட்டுக்கே முதலில் போகிறோம்.

நீதி என்பது ஒவ்வொருவருக்கும் உரியதை வழங்கும் நிலையான மனவுறுதி என்று புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்குகிறார். 'உரியது' வேறு, 'கேட்டது' வேறு. கேட்டவருக்கு மட்டும் கொடுப்பவன், கொடை செய்வதாக எண்ணிக்கொண்டு தன் அமைதியை விலைக்கு வாங்குகிறான் என்றே நான் சொல்வேன்.

ரோஜாவோடு நாம் எப்போதும் சேர்த்து நினைக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரேசம்மாளின் வாழ்விலும் இக்கேள்வி கூர்மையாக எழுகிறது. 1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவு அவர் முதன்முறையாக இரத்தம் கக்கினார். மடத்துத் தலைவியிடம் தெரிவித்தார், ஆனால் பெரிதுபடுத்தவில்லை, தவமுயற்சிகளைத் தொடர அனுமதியும் பெற்றுக்கொண்டார். அதே மடத்தில் வாழ்ந்த உடன்பிறந்த அக்காள் ஆக்னஸ் அம்மாளுக்கு அச்செய்தி தெரியவந்தது 1897 மே மாதத்தில்தான். அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று, 24 வயதில், தெரேசம்மாள் இறந்தார். அவர் கேளாதிருந்தது புனிதம், அதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர் கேளாதிருப்பது அவருடைய புண்ணியமாகலாமேயன்றி, நாம் பாராதிருப்பதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. அவருடைய மௌனத்தைப் போற்றிப் பிரசங்கம் செய்யும் நாங்கள், சுற்றியிருந்தோரின் கடமையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ஏதேன் தோட்டத்தில் களையும் இல்லை, முள்ளும் இல்லை. அங்கும் மனிதன் அதைப் பண்படுத்தவும் காக்கவும்தான் வைக்கப்பட்டான் என்று தொடக்க நூல் கூறுகிறது. ஆகவே பராமரிப்பு பாவத்தின் தண்டனையாக வந்ததன்று. வியர்வைதான் பின்னர் வந்தது. தோட்டக்காரன் தேவைப்படாத தோட்டத்தை இறைவனே படைக்கவில்லை.

எனவே, கேட்பவர்களிடம் தரைபடரும் ரோஜாவை நடுங்கள் என்றே சொல்கிறேன். நாற்றங்காலில் வாங்கும்போது, சொந்த வேரில் வளர்ந்த கன்றா, ஒட்டுக் கன்றா என்று கேட்டு வாங்குங்கள். ஒட்டுக் கன்றானால் ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிரை அவ்வப்போது கிள்ள வேண்டியிருக்கும். சித்திரை, வைகாசி வெயிலில், செடி பச்சையாகத் தெரிந்தாலும் வாரம் இரண்டொரு முறை விரலை இரண்டங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேல்மண் ஈரமாயிருந்து உள்மண் காய்ந்திருப்பதுண்டு.