பொது இடத்தில் மார்க்கச் சின்னம்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் சாச்சா மகன் ஒரு கேள்வி எழுதியிருந்தார். அவர் வசிக்கும் ஊரில் நகராட்சிக் கட்டிடத்தின் முன் டிசம்பர்தோறும் கிறிஸ்துமஸ் மரம் வைக்கிறார்களாம்; பக்கத்தில் யூதர்களின் விளக்குத் தண்டும் உண்டாம். "நம் பிறையையும் வைக்கும்படி மனுக் கொடுக்கிறார்கள். நான் கையெழுத்துப் போடலாமா காக்கா? எங்கே நம்முடையது என்று மகள் கேட்கிறாள்" என்கிறார்.

இதற்குப் பதில் சொல்லுமுன் அந்நாட்டில் நடந்த ஒரு வழக்கைச் சொல்ல வேண்டும். ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பாட்டக்கெட் நகரில், கடைவீதி வியாபாரிகள் சங்கத்தோடு சேர்ந்து நகராட்சி 40 ஆண்டுகளுக்கு மேலாகக் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்துவந்தது. ஈஸா (அலை) அவர்களின் பிறப்பைக் காட்டும் குடிலும் அதில் இருந்தது. 1973இல் நகராட்சி 1,365 டாலருக்கு வாங்கிய குடில் அது. பொதுப் பணத்தில் ஒரு மதத்தின் சின்னமா என்று சிலர் வழக்குத் தொடுத்தனர். 1984இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், குடில் இருக்கலாம் என்றது.

குடில் ஜெயித்தது; ஆனால் எப்படி ஜெயித்தது? சுற்றிலும் கலைமான்கள், கிறிஸ்துமஸ் தாத்தாவின் வீடு, கோமாளி, யானை, கரடி உருவங்கள். இவற்றோடு சேர்த்துப் பார்த்தால் இது பண்டிகைக் கால அலங்காரமே என்ற வாதம்தான் கைகொடுத்தது. மாறுபட்ட நீதிபதிகளில் ஒருவரான பிளாக்மன், குடிலின் புனிதப் பொருளைப் பறிகொடுத்துப் பெற்ற இவ்வெற்றி நஷ்டமே என்ற கருத்தில் எழுதினார். 1989இல் பிட்ஸ்பர்க் வழக்கில், நீதிமன்றக் கட்டிடத்தின் படிக்கட்டில் தனித்து வைத்த குடில் கூடாது என்றும், வேறொரு அரசுக் கட்டிடத்தின் முன் 45 அடி மரத்தருகே நின்ற 18 அடி விளக்குத் தண்டு கூடும் என்றும் தீர்ப்பாயிற்று. புனிதமாகத் தனித்து நின்றால் தடை, அலங்காரமாகக் கலந்து நின்றால் அனுமதி!

நாம் உருவங்களை ஏற்பவர்களல்லர். ஆயினும், குர்ஆனில் ஒரு சூராவே மர்யம் (அலை) அவர்களின் பெயரால் இருக்க, அவர்களின் பெயரால் செய்த உருவத்தைக் கரடி பொம்மையின் துணையோடு காப்பாற்றிய செய்தி எனக்குக் கசக்கிறது.

நிற்க. பிறைக்கு வருவோம். பிறை பார்த்து நோன்பு வைக்கிறோம், பெருநாள் கொண்டாடுகிறோம். ஆனால் பிறையும் நட்சத்திரமும் மார்க்கம் விதித்த சின்னமல்ல. உஸ்மானியத் துருக்கியரின் கொடி வழியாகப் பரவிய அடையாளம். பாங்கு, பெருநாள் தொழுகை, குர்பானி இவையே நம் ஷிஆர்கள், அனைத்தும் செயல்கள். மார்க்கத்தை வீட்டுக்குள் மறைத்துவை என்று நான் சொல்லவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பெருநாளன்று திறந்த திடலுக்குச் சென்றல்லவா தொழுதார்கள்!

மகளின் ஏக்கமும் பொய்யன்று. அரசு ஒரு மதத்துக்கு ஆதரவு காட்டினால் மற்றவர் தம்மை வெளியாராக உணர்வர் என்று, அந்த 1984 தீர்ப்பிலேயே நீதிபதி ஓகானர் சுட்டினார். (நம் ஊரில் தெருவை அடைத்துப் பச்சை வளைவு கட்டும்போது அடுத்த வீட்டார் என்ன நினைப்பார் என்று நாம் கேட்டதுண்டா?) 1997இல் வாஷிங்டனில் வெள்ளை மாளிகை அருகே வைத்த பிறையின் மீது யாரோ நாஜிச் சின்னத்தை வரைந்தார்கள். அதற்கு அஞ்சி ஒதுங்கவும் வேண்டாம்.

ஆகவே இவ்வாறு எழுதினேன்: "தம்பி, அது ஹராம் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆனால் அந்தப் பிறை அங்கே நிலைக்க வேண்டுமானால், இது மார்க்கமல்ல, வெறும் அலங்காரம் என்று நாளை நீங்களே வாதாட நேரும். நியூயார்க் நகரப் பொதுப் பள்ளிகளில் இரு பெருநாட்களுக்கும் 2015 முதல் விடுமுறை கிடைத்தது. அதைக் கேளுங்கள், பெருநாள் தொழுகைக்கு ஊர்ப் பூங்காவைக் கேளுங்கள். அம்மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும்."

மகள் இன்னும் பிறை கேட்கிறாளாம். வீட்டு ஜன்னலில் தொங்கவிடச் சொல்லியிருக்கிறேன்.