குறுக்கே வந்த கன்னுக்குட்டி
(எட்டயபுரத்தில், திருச்செந்தூர் பாதயாத்திரை அடியார்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவிலிருந்து)

முருகா! பின்னால நிக்கிறவங்க உட்காருங்க. செந்தூர் வரைக்கும் நடக்கணும், காலை இப்பவே செலவழிக்காதீங்க.

மனுநீதிச் சோழன் கதை. அண்ணாச்சி சிரிக்கிறாரு, போன வருசமும் இதைத்தானே சொன்னீருன்னு. சொன்னேன். கேட்டுட்டு, ஹெல்மெட்டைக் கையில மாட்டிக்கிட்டு வண்டியை முறுக்கினவர் அவர்தான்! அதான் மறுபடியும்.

திருவாரூர் வீதி. இளவரசன் தேர்ல வாறான். கன்னுக்குட்டி துள்ளி வந்து சக்கரத்துல மாட்டிச் செத்துப்போச்சு. தாய்ப்பசு போய் அரண்மனை ஆராய்ச்சி மணியை அடிக்குது. மந்திரி என்ன சொல்றார்? பிள்ளை மேல குத்தமில்லை, கன்னு தானா வந்து விழுந்துச்சு, பரிகாரம் பண்ணிக்கலாம்ங்கிறார். இந்தக் கதையைப் பாடின சேக்கிழார் பெருமான் அந்த மந்திரியை எங்கே பார்த்தாரோ, நான் நம்ம டீக்கடையில தினம் பார்க்கிறேன். 'குறுக்கே வந்துட்டான் சார்!' ஆடா, குறுக்கே வந்துச்சு. ஆளா, குறுக்கே வந்தாரு. உலகத்துல நேரா வாறவன் இவன் ஒருத்தன்தான்!

சோழன் கன்னை விசாரிக்கல. பிள்ளை ஓட்டினான், பதில் நான் சொல்லணும்னான். இப்ப அரசாங்கமும் அங்கேதான் வந்து நிக்குது. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினாங்களே, 199ஏ பிரிவு. 18 வயசு நிரம்பாத பிள்ளை வண்டியில போய்க் குத்தம் பண்ணினா, பெத்தவருக்கு 3 வருசம் வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். பத்தாவது பாஸானதும் பைக் வாங்கிக் கொடுத்த மகராசன் யாரு இங்கே? கை தூக்க வேண்டாம், முருகனுக்குத் தெரியும்.

சரி, கன்னு குறுக்கே வந்துச்சுன்னே வச்சுக்குவோம். கண்ணு பார்த்து, கால் பிரேக்குக்குப் போக ஒரு வினாடி ஆகுமா? 80 கிலோமீட்டர் வேகத்துல அந்த ஒரு வினாடியில வண்டி 22 மீட்டர் போயிரும். பிரேக் இன்னும் பிடிக்கவே இல்லை! கன்னு எங்கே, நீ எங்கே?

அதுல போன் வேற. கர்ணனுக்குத் தேரோட்டி சல்லியன், பேசிப் பேசியே அவன் மனசைக் கலைச்சான். நம்ம சல்லியன் சட்டைப்பையில இருக்கான். பசு அடிச்ச மணிக்கு ராஜா எந்திரிச்சான், இந்த மணிக்கு நாம எல்லாரும் எந்திரிக்கிறோம்.

புது வண்டின்னா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் நசுக்குறீங்க, நல்லது. ஆனா வண்டி பழசானதும் டயர் மொட்டையாக் கெடக்கே! செந்தூர்ல மொட்டை போடுறது நீங்கதானே தாயி, டயருக்கு எதுக்கு?

கதைக்கு வாறேன். கன்னுக்கு ஈடா, பெத்த பிள்ளை மேலயே சோழன் தேரை ஏத்தினான். கடைசியில ஈசன் வந்தார். கன்னும் எந்திரிச்சுச்சு, பிள்ளையும் எந்திரிச்சான். அங்கே வீதிக்கே தியாகராஜர் வந்தாரு. நம்ம தூத்துக்குடி நாலுவழிச்சாலையில, கூப்பிட்டா 108 வரும். அவங்களால ஆனதை அவங்க செய்வாங்க. உசிர எழுப்புற வேலை அவங்களுக்குக் கிடையாது.

இன்னைக்கு ராத்திரி நடக்கப் போறது நீங்க. அப்போ கன்னுக்குட்டி யாரு? நீங்கதான்! சிரிக்காதீங்க. ரோட்டுக்கு வலதுபக்கமா, எதிர்ல வாற வண்டியைப் பார்த்து ஒத்தை வரிசையில நடங்க. கதை பேசிக்கிட்டு நாலு பேர் கைகோத்துப் போகாதீங்க.

வெளியே ஒளிர்ற ஸ்டிக்கர் கொடுக்காங்க. போன வருசம் ஒரு பாட்டி அதை விபூதிக்கு மேலே நெத்தியில ஒட்டிக்கிட்டாங்க. நெத்தியில இல்லை ஆத்தா, முதுகுப்பையில!